பட்டிக்குள் எங்கள் குர்பான் மாடு

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முதல்நாள் பின்னேரம் தியாகமாக அறுத்துக் கொடுக்க வாங்கிய எங்கள் குர்பான் மாடு கட்டாக்காலிப் பட்டிக்குள் கிடந்தது. தெருவில் அலையும் மாடுகளைப் பிடித்து அடைக்க மாநகர சபை வைத்திருக்கும் இடம் அது. சுற்றிவரப் பழைய கல்மதில், ஒரு இரும்புப் படலை. என் வீட்டு மதிலைவிட உறுதி.

ஒரு மாட்டில் ஏழு பேர் பங்கு சேரலாம் என்பது மார்க்கம் தந்த சலுகை. சாய்ந்தமருதில் நாங்கள் ஏழு பேர் சேர்ந்தோம். மாட்டைக் கட்டிவைப்பது அடுத்தவன் வேலை என்று ஏழு பேரும் நினைத்துக்கொண்டோம். வேறெதிலும் எங்களுக்குள் இவ்வளவு ஒற்றுமை இருந்ததில்லை. மாடு பிரதான வீதியில் போய்ப் படுத்துவிட்டது.

விடிந்தால் பெருநாள், தொழுகை முடிந்ததும் அறுக்க மாடு வேண்டும். பட்டிக்கு ஓடினோம்.

“எது உங்கட மாடு?” என்றார் காவல்காரர்.

மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தோம். செவலை என்றேன் நான். கறுப்பு என்று என் மச்சான் சத்தியம் பண்ணாத குறை. நல்லவேளை, வாங்கிய அன்று அவன் எடுத்த படம் போனில் இருந்தது. அதில் அவன் முகம் மிகத் தெளிவு. மாட்டுக்கு ஒரு கொம்பு மட்டும்தான் கிடைத்திருந்தது.

“நீங்க மாட்ட வாங்கினீங்களா, இறைச்சிய வாங்கினீங்களா?” என்றார் காவல்காரர். “தொடையில சுட்ட குறி ஆர்ர குறியோ, அவர் வந்தாத்தான் படலை திறப்பன்.”

மாட்டை விற்றவர் நாவிதன்வெளியில் வயல் செய்யும் ஒரு மூத்தவர்; அண்ணன் முறையில் ‘காக்கா’ என்போம். போன் எடுத்தோம். காலில் வயற்சேறு காயுமுன்பே மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். படலையில் நின்று நாக்கைத் தட்டி ஒரு சத்தம் போட்டார். நாங்கள் ஒருவரும் கைகாட்டாத ஒரு புள்ளி மாடு மூலையிலிருந்து எழும்பி வந்து அவர் கையை நக்கியது. குறியைப் பார்த்துவிட்டுக் காவல்காரர் படலையைத் திறந்தார்.

எங்களோடு நடக்க மாடு மறுத்துவிட்டது. அவரே வீடுவரை நடத்திவந்து தென்னையில் கட்டினார்.

“காக்கா, நாளைக்கு உங்களுக்கும் இறைச்சி அனுப்புறம்,” என்றான் மச்சான், மரியாதைக்கு.

“வேணாம் தம்பி. என்னால இதச் சாப்பிட ஏலா.”

மாட்டின் கழுத்தை ஒருதரம் தடவிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். எனக்கு வெட்கமாக இருந்தது. எங்கள் ஏழு பேருக்கும் தியாகத் திருநாள் மறுநாள்தான். அவர் அதை அன்று பின்னேரமே முடித்துவிட்டுப் போயிருந்தார்.