மச்சான் கண்ணில் ஒரு குமிழ்

ஒரு மனிதருடைய உச்சந்தலையோடு ஒரு வாரம் பேசியிருக்கிறீர்களா? நான் பேசியிருக்கிறேன். சமீபத்தில்தான்.

அந்த உச்சந்தலைக்குச் சொந்தக்காரர் தனபால். என் மனைவியின் அண்ணன், எனக்கு மச்சான். அரியமங்கலத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். கண்ணில் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது, ஒரு வாரத்துக்கு முகம் தரையைப் பார்த்தே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாப்பாடு குனிந்து. பேச்சு குனிந்து. தூக்கம் குப்புற. பார்க்க வருகிறவர்களை அவர் கால் விரலை வைத்து அடையாளம் கண்டுபிடித்தார்.

"வாங்க மாப்ள... நகம் வெட்டக்கூடவா நேரமில்ல?"

இதுதான் எனக்குக் கிடைத்த வரவேற்பு.

நடந்தது இது. ஒரு நாள் அவர் கண்ணுக்குள் மின்னல் வெட்டியிருக்கிறது. பக்கத்துப் பட்டறையில் வெல்டிங் என்று நினைத்திருக்கிறார். அப்புறம் கரித்தூள் மாதிரி ஏதோ மிதந்திருக்கிறது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்திருக்கிறார். அப்புறம் ஒரு காலையில், பார்வையின் கீழ்ப்பக்கத்திலிருந்து கறுப்பாக எதுவோ ஏற ஆரம்பித்தது... ஆடி மாதக் காவிரி படித்துறையில் ஏறுகிற மாதிரி. அப்போதும் அவர் அசையவில்லை. ஏன் என்று கேட்டால், வலிக்கவில்லையாம்!

வலித்தால்தான் நமக்கு வியாதி. வலிக்காவிட்டால் அது வெறும் தொந்தரவு. தொந்தரவுக்கெல்லாம் யார் டாக்டரிடம் போவார்கள்?

ஆனால் மச்சான் விஷயத்தில் ஒரு சிக்கல். அவருடைய இடது கண்ணில் பல வருஷத்துக்கு முன்பே இரும்புச் சீவல் தெறித்துவிட்டது. அதில் வெளிச்சமா இருட்டா என்பது மட்டும்தான் தெரியும். ஆக, அவரிடம் இருப்பதே ஒரு கண். கறுப்பு ஏறியது அதில்தான்.

அவர் மனைவி செல்வி அழுதுகொண்டே போன் செய்ய, நாங்கள் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடியது டாக்டர் ரங்கநாயகியிடம். ரெட்டினா ஸ்பெஷலிஸ்ட். ஸ்ரீரங்கத்துக்காரர். கண்ணுக்குள் விளக்கைக் காட்டிப் பார்த்துவிட்டு, சுவரில் ஒட்டிய போஸ்டர் மேலிருந்து உரிந்து வருகிற மாதிரி கண்ணின் பின்சுவரிலிருந்து விழித்திரை உரிந்து வருகிறது என்றார். திரும்ப ஒட்ட வேண்டும். ஒட்டினால் போதாது, பசை பிடிக்கும்வரை உள்ளேயிருந்து அழுத்திப் பிடிக்க வேண்டும். கையை விட்டா பிடிக்க முடியும்? அதற்காகக் கண்ணுக்குள் ஒரு வாயுவை நிரப்புகிறார்கள். குமிழ் எப்போதும் மேலே போகும் அல்லவா? நோயாளி கவிழ்ந்திருந்தால் கண்ணின் பின்சுவர் மேலே வரும். குமிழ் போய் அதை அழுத்திக்கொண்டு நிற்கும்.

எவ்வளவு எளிமை! இதைக் கண்டுபிடித்தவர் சின்ன வயதில் பலூன் நிறைய வாங்கியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஆஸ்பத்திரிக்குப் போனால் நோயாளியைவிட நான்தான் அதிகம் கேள்வி கேட்பேன். என் மனைவி மேஜைக்கு அடியில் என் காலை மிதிப்பாள். நான் காலை நகர்த்திக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போவேன். ஆபரேஷன் முடிந்த மறுநாள், பத்திரிகையில் எழுதுகிறவன் என்று அறிமுகப்படுத்திக்கொண்டதும் டாக்டர் ரங்கநாயகி என்னை அக்கறையோடு பார்த்தார். "அப்படியா... சுகர் பாத்து எவ்வளவு நாளாச்சு?"

கையோடு என் கண்ணிலும் சொட்டு மருந்து விட்டு, விழித்திரையைப் படம் எடுத்துக் காட்டினார். ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்டம். அதில் கிளை கிளையாகப் பிரிந்து ஓடும் ரத்தக்குழாய்கள். கல்லணைக்குக் கிழக்கே ஆறுகள் பிரிகிற வரைபடம் மாதிரி இருந்தது. "அழகா இருக்கு பாருங்க" என்றார் டாக்டர். என்னுடைய ஏதோ ஒரு பாகத்தைப் பற்றி ஒருவர் இப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை. அதுவும் வெளியே தெரியாத பாகம்.

இந்த வேலைக்கு ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். இந்தப் படத்துக்காகத்தான் வந்தாராம். கண் மருத்துவம் படிக்கும்போது முதன்முதலாக ஒரு நோயாளியின் கண்ணுக்குள் எட்டிப் பார்த்திருக்கிறார். உடம்பில் வேறெங்கும், தோலை வெட்டாமல் ரத்தக்குழாயை இப்படி நேராகப் பார்க்க முடியாது என்று அப்போதுதான் உறைத்திருக்கிறது. பார்த்துக்கொண்டே இருந்துவிட்டாராம். அந்த நோயாளியே "என்னம்மா, உள்ள ஏதாச்சும் தொலைச்சிட்டியா?" என்று கேட்கும்வரை.

எம்.பி.பி.எஸ்., அப்புறம் கண், அப்புறம் கண்ணின் பின்பக்கம் மட்டும். கூடப் படித்தவர்கள் ஆஸ்பத்திரி கட்டிக் கிருகப்பிரவேசம் செய்தபோது இவர் இன்னும் படித்துக்கொண்டிருந்தார். உத்தர வீதியில் இருக்கும் சித்தப்பாவுக்கு இன்றுவரை இவர் என்ன டாக்டர் என்று சரியாகப் பிடிபடவில்லை. "பெருமாள் கடாக்ஷத்துல எனக்குக் கண்ணு பேஷா இருக்கு. நீ இந்த ஸ்க்ரூவை மட்டும் முடுக்கிக் குடுத்துடும்மா" என்று மூக்குக் கண்ணாடியை நீட்டுவாராம். இவரும் முடுக்கிக் கொடுத்துவிடுவாராம்.

"கேட்டராக்ட் பண்றவங்களைப் பாருங்க சார்" என்றார் டாக்டர். "மறுநாள் கட்டைப் பிரிச்சதும் 'டாக்டரம்மா, உங்க மூக்குத்தி தெரியுது'ன்னு கையைப் புடிச்சுக்குவாங்க. பழம் வரும், பூ வரும். எங்ககிட்ட வர்றவங்களுக்குப் பாதிப் பேருக்கு, இருக்கிறது போகாம நிறுத்துறதுதான் வைத்தியம். லேசர் வச்சு அனுப்புவோம். அடுத்த மாசம் வந்து, 'முன்னாடியும் இப்படித்தான் தெரிஞ்சுது, இப்பவும் இப்படித்தான் தெரியுது, நீ என்னம்மா பண்ணினே?'ன்னு கேப்பாங்க."

"நீங்க என்ன சொல்வீங்க?"

"என்ன சொல்றது? ஒண்ணும் ஆகலைல்ல, அதைத்தான் பண்ணினேம்பேன். நம்ப மாட்டாங்க."

யோசித்துப் பார்த்தேன். எழுதினால் படிக்கலாம். வீடு கட்டினால் குடியிருக்கலாம். நடக்காமல் போனதை எதில் வைத்துக் காட்டுவது?

சரி, மச்சானிடம் வருவோம். டிஸ்சார்ஜ் அன்று டாக்டர் கடைசியாக ஒன்று சொன்னார். வாயு முழுசாகக் கரைய ரெண்டு மாசம் ஆகலாம், அதுவரை ஃப்ளைட் ஏறக் கூடாது. மச்சான் குனிந்த தலை நிமிராமல் சொன்னார். "செல்வி, துபாய் டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடு." எல்லாரும் சிரித்தோம். சிரித்ததோடு டாக்டர் சொன்னதை மறந்தும் போனோம்.

கவிழ்ந்திருக்கும் வாரம் முடிந்தது. மச்சானுக்கு முகம் திரும்பக் கிடைத்தது. அடுத்த பரிசோதனைக்குப் போனபோது அவர் உற்சாகமாக இருந்தார். குமிழ் சுருங்க ஆரம்பித்து, பார்வைக்கு நடுவில் ஒரு கோடு தெரிகிறதாம். கோட்டுக்கு மேலே தெளிவு, கீழே கலங்கல். தலையை எப்படிச் சாய்த்தாலும் கோடு மட்டும் சாயாமல் படுகிடையாக நிற்கிறதாம்.

"ரசமட்டம் மாப்ள! மட்டம் பாக்கக் காசு குடுத்து வாங்குற சாமானை உள்ளயே வச்சுத் தச்சிட்டாங்க" என்றவர், டாக்டரின் அறையைச் சுற்றிப் பார்த்தார். "தப்பா நெனைக்காதீங்க மேடம். உங்க அலமாரி வலது பக்கம் ஒரு நூல் எறங்கியிருக்கு."

டாக்டர் எழுந்துபோய் அலமாரியைப் பார்த்தார். இறங்கித்தான் இருந்தது.

எனக்கு உடனே கேள்வி வந்துவிட்டது. அப்படியானால் லிஃப்டில் போனால் கோடு என்ன ஆகும்? பஸ் பிரேக் போட்டால்? என் மனைவி மிதித்தாள். நகர்த்திக்கொண்டேன். ஆமாம், அது ஏன் டாக்டர் ஃப்ளைட் மட்டும் கூடாது?

"கொடைக்கானல் போயிருக்கீங்களா சார்? கீழ வாங்கின சிப்ஸ் பாக்கெட் மேல போகப் போக என்னாகும்?"

"உப்பும்."

"வெளிய காத்தழுத்தம் கொறையுது, உள்ள இருக்கிற காத்து விரியுது. பாக்கெட் உப்பித் தப்பிச்சுக்கும். கண்ணு உப்பாது சார். உள்ள அழுத்தம் ஏறி, ரத்தம் வர்ற வழியை அடைச்சிரும். வலி உயிர் போகும். பார்வையும் போகும். அது திரும்பி வராது."

செல்வி அதுவரை கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

"டாக்டரம்மா... அப்ப கொல்லிமலையும் மலைதானா?"

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் அலமாரியைப் பார்த்தார்.

மெதுவாக விஷயம் வெளியே வந்தது. அவர்கள் குலதெய்வம் கொல்லிமலைமேல் இருக்கிறது. மச்சானை ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போன நிமிஷத்தில் செல்வி வேண்டிக்கொண்டுவிட்டாள். கண்ணைக் கொடுத்தால், மாசம் முடிவதற்குள் அவரை அழைத்து வந்து பொங்கல் வைக்கிறேன் என்று. வேன் பேசியாகிவிட்டது. மறுநாள் விடியற்காலையில் கிளம்ப வேண்டும். வளைவுகளில் தலை ஆடக் கூடாது என்று மச்சானைக் கவிழ்ந்து படுக்க வைக்கத் தலையணைகூட எடுத்து வைத்திருக்கிறாள். அவ்வளவு பொறுப்பு! ஃப்ளைட்டும் மலையும் ஒன்று என்பது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். அந்த வேனில் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

கொல்லிமலையும் மலைதான் என்று டாக்டர் தலையை ஆட்டினார். அவர் முகத்தில் அதுவரை இருந்த சிரிப்பு இல்லை.

செல்வி அழ ஆரம்பித்தாள். "நீங்க சொல்றதைக் கேக்க மாட்டேன்னு சொல்லலீங்க. ஆனா வாக்கு குடுத்துட்டேனே. கண்ணைக் குடுத்த சாமி, வரலைன்னு கோச்சுக்கிட்டுத் திரும்ப எடுத்துக்கிச்சுன்னா? இவருக்கு இன்னொரு கண்ணு எங்கம்மா இருக்கு?"

அவளுக்கு அந்த மலைக்குப் போனாலும் பயம். போகாவிட்டாலும் பயம். வாயு விரியும் விதியை நான் இன்னொரு தடவை விளக்கட்டுமா என்று வாயைத் திறந்தேன். டாக்டர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். நாற்காலியைச் செல்வியின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"செல்விம்மா, நான் ஸ்ரீரங்கத்துக்காரி. எங்க பெருமாள் எப்பவும் படுத்துக்கிட்டேதான் இருக்கார். சாமிக்கெல்லாம் அவசரமே கெடையாதும்மா, நமக்குத்தான். வீட்டுக்குப் போய் ஒரு மஞ்சத்துணியில ஒத்த ரூபா முடிஞ்சு சாமி படத்துக்கிட்ட வைங்க. டாக்டர் டைம் கேட்டாங்கன்னு சொல்லிடுங்க. காத்து கரைஞ்ச அன்னிக்கு நானே போன் பண்றேன். அப்புறம் எந்த மலைக்கு வேணும்னாலும் போங்க."

செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "காசு முடிஞ்சா ஒத்துக்குமா?"

"அதுக்குத்தானே அந்தப் பழக்கமே இருக்கு."

பின்னால் நான் தனியாகக் கேட்டேன். எந்தப் புத்தகத்தில் டாக்டர் இந்த மருந்து? புத்தகத்தில் ஃப்ளைட் மட்டும்தான் இருக்கிறது என்றார். எழுதினவருக்குக் குலதெய்வம் சமவெளியில் இருந்திருக்கலாம். நர்ஸைக் கூப்பிட்டு, இனிமேல் வாயு வைத்த எல்லாரிடமும் மலை, வேண்டுதல் ரெண்டையும் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று சொன்னார்.

வேனைத் திருப்பி அனுப்பினோம். மச்சானின் ரசமட்டம் நாளுக்கு நாள் கீழே இறங்கி, கடைசியில் ஒரு கடுகாக உருண்டு, ஒரு நாள் காணாமல் போனது. டாக்டர் பார்த்துவிட்டு ஒரே வார்த்தை சொன்னார். "ஒட்டியிருக்கு." அவர்கள் தொழிலில் அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாதாம். மச்சான் பட்டறைக்குத் திரும்பிவிட்டார். ஸ்கேலில் இருக்கும் சின்னக் கோடுகள் மட்டும் லேசாக நெளிகின்றன. செல்வியின் முகம் நெளியாமல் தெரிகிறது.

போன வாரம்தான் கொல்லிமலைக்குப் போய்ப் பொங்கல் வைத்தோம். இந்த முறை வேன் வாடகை ஏறியிருந்தது. மலையில் விடாத மழை. விறகு பற்றவில்லை. வளைவுக்கு வளைவு நான் வேனை நிறுத்தச் சொல்லி இறங்கி, சாலையோரம் குனிந்து நின்றேன். அப்போது மச்சான் என் முதுகைத் தடவிவிட்டார்.

திரும்பும் வழியில் குங்குமமும் பெரிய அன்னாசிப்பழம் ஒன்றும் எடுத்துக்கொண்டு டாக்டரைப் பார்க்கப் போனோம். செல்வி பழத்தை அவர் கையில் கொடுத்தாள். எல்லாம் அந்த அம்மன் புண்ணியம், அப்புறம் உங்கள் கை ராசி என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இந்த அண்ணன்தான் அன்னிக்கு ஃப்ளைட்டு அது இதுன்னு எதையோ கேட்டு எல்லாத்தையும் தள்ளிப்போட வச்சிட்டாரு. அப்பவே போயிருந்தா மழையில்லாம போயிட்டு வந்திருக்கலாம்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "செல்வி, அன்னிக்குப் போயிருந்தா மச்சான் கண்ணு..."

"அதான் ஒண்ணும் ஆகலையே அண்ணே."

நான் டாக்டரைப் பார்த்தேன். அவர் அன்னாசியை மேஜைமேல் வைத்துவிட்டு, எதிர் நாற்காலியை எனக்காக இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க சார். நீங்களும் எங்க ஆளாயிட்டீங்க."