சொந்தக்காரர் வீடு இல்லாத ஒரு பயணம்

என் நோட்டுப் புத்தகத்தில் பிப்ரவரி 8, ஞாயிறு என்ற தேதியின் கீழ் இப்படி எழுதியிருக்கிறேன்: “இலங்கை, நான்காவது திட்டம். மே மாதப் பள்ளி விடுமுறை. ஒன்பது நாள். யாழ்ப்பாணத்தில் மூன்று இரவு, அக்கா வீடு, தங்கும் செலவு இல்லை.” கடைசி வரிக்குப் பக்கத்தில் என் மனைவியின் கையெழுத்தில், பென்சிலில் ஒரே ஒரு சொல்: “வேண்டாம்.”

நாங்கள் மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தில், ஸ்கூடாயில் வசிக்கிறோம். நான் அரசு அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவி தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அவளுக்கு இன்னும் ஆறு ஆண்டு வேலை இருக்கிறது. அவள் பெற்றோர் யோங் பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். என் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவர். ஆகவே இலங்கையில் எனக்கு உறவினர் உண்டு, அவளுக்கு யாரும் இல்லை. அந்த நாட்டை அவள் விரும்பியதற்கு அதுவே காரணம் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

திருமணமாகி இருபத்தாறு ஆண்டுகளில் நாங்கள் பயணமே போகாதவர்கள் அல்ல. போன இடத்தையும் காரணத்தையும் நான் எழுதி வைத்திருக்கிறேன். பினாங்கு, நேர்த்திக்கடன். தமிழ்நாடு, கல்யாணம். செடெனாக், பதினாறாம் நாள் காரியம். தீபாவளிதோறும் யோங் பெங், அவள் அண்ணன் வீடு. எங்கே போனாலும் அவள் அடுப்படியில் நின்றிருக்கிறாள். “ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, யாரு வீட்டுலயும் வெங்காயம் உரிக்காம ஊரு சுத்திப் பாக்கணும்ங்க. ரயில்ல ஜன்னலோரமா ஒக்காந்து மலையப் பாத்துக்கிட்டுப் போனாப் போதும்” என்று அவள் முதலில் சொன்னது பெருந்தொற்றுக்கு முந்தைய ஆண்டில்.

முதல் திட்டத்தைப் பெருந்தொற்று கெடுத்தது. இரண்டாவதை அங்கே பெட்ரோலுக்கு மக்கள் வரிசையில் நின்ற ஆண்டு. மூன்றாவது திட்டம், அக்கா மகளின் கல்யாணத் தேதியோடு மோதியது. அக்கா என்றால் என் பெரியம்மாவின் மகள். அந்த முறை மனைவி பெட்டியைப் பரணில் ஏற்றினாள்.

நான்காவது முறை உட்கார்ந்தபோது எனக்கே அலுத்துவிட்டது. கொழும்பு, கண்டி, கண்டியிலிருந்து மலை ஏறும் ரயில், பிறகு தெற்குக் கடற்கரையில் காலி நகரம். ஒவ்வொரு ஊரிலும் இருக்கும் சிக்கனமான விடுதிகளில் எதில் வெந்நீர் உண்டு, எதில் படிக்கட்டு குறைவு என்று பார்த்துப் பார்த்துக் கண் எரிந்தது. சிங்கப்பூரிலிருந்து பறந்தால் எல்லைப் பாலத்து நெரிசல், கோலாலம்பூரிலிருந்து பறந்தால் ஐந்து மணி நேர பஸ். இரண்டாவதுதான் மலிவு. அக்கா வீட்டையும் சேர்த்தால் இன்னும் மலிவு. பென்சிலில் இருந்த “வேண்டாம்” என்பதை நான் பார்க்காதது போல இருந்துவிட்டேன். அக்காவிடம் வருவதாகவும் சொல்லிவிட்டேன்.

மார்ச் மாதம் ஒரு சலுகை வந்தது. அன்றே டிக்கெட் வாங்கினேன். வெள்ளிக்கிழமை காலை புறப்பாடு, மறு வாரம் சனிக்கிழமை திரும்பல்.

அச்சடித்த நாட்காட்டிகளில் எழுத இடம் போதாது என்பதால், ஆண்டுதோறும் நானே நோட்டில் கோடு போட்டு நாட்காட்டி வரைந்துகொள்வது என் வழக்கம். அன்று பள்ளியிலிருந்து வந்த மனைவி, காலணியைக் கழற்றிவிட்டு அதைத்தான் பார்த்தாள்.

“என்னங்க இது, வெள்ளிக்கெழமைக்கெல்லாம் செவப்பு அடிச்சி வச்சிருக்கீங்க?”

“லீவுதானே?”

“அலமாக்! அது மாறி எத்தன நாளாச்சி. வெள்ளிக்கெழம காலைல நான் பேக்கத் தூக்கிக்கிட்டு எங்க போறேன்னு நெனச்சீங்க, மார்க்கெட்டுக்கா?”

ஜோகூரில் பதினோரு ஆண்டுகள் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. நான் அந்தப் பழைய முறையிலேயே ஓய்வு பெற்றேன். அதன்பின் அது சனி, ஞாயிறுக்கு மாறியது. மாறிய நாளை நான் நோட்டில் குறித்தும் இருக்கிறேன். குறித்த கையே பழக்கத்தில் வெள்ளிக்குச் சிவப்புப் பூசிவிட்டது. ஓய்வு பெற்றவனுக்கு எல்லாக் கிழமையும் ஒன்றுதான் என்று சமாதானம் சொல்லலாம், ஆனால் தேதிகளைக் கட்டிக்கொண்டு அழும் ஒருவன் சொல்லக்கூடிய சமாதானம் அல்ல அது.

விடுமுறைக்கு முந்தைய கடைசி நாளான அந்த வெள்ளி, பெற்றோர் வந்து மாணவர்களின் தேர்ச்சி அறிக்கையை வாங்கும் நாள். தலைமையாசிரியை விடவே மாட்டார். புறப்பாட்டைச் சனிக்கு மாற்றினேன். அதற்கான கட்டணம், சலுகையில் மிச்சம் பிடித்ததை விழுங்கிவிட்டது. ஒரு நாளும் போயிற்று.

“ஒரு நாள் கொறைஞ்சா எதையாச்சும் வெட்டணும்ல?” என்றாள். குரலில் கோபம் இல்லை. நாற்பது பிள்ளைகளின் பயிற்சிப் புத்தகங்கள் மடியில் இருந்தன.

“காலிய வெட்டலாம். யாழ்ப்பாணத்துல தங்குற செலவு இல்ல.”

“தங்குற செலவு ஒங்களுக்கு இல்ல. எனக்கு இருக்கு லா.”

அவள் அடுத்த புத்தகத்தைத் திறந்தாள். சிவப்புப் பேனாவால் திருத்திக்கொண்டே இருந்தாள். நான் யாழ்ப்பாணத்தை அடித்தேன். குறைந்த ஒரு நாள் போக இரண்டு இரவுகள் கைக்கு வந்தன. ஒன்றை மலையில் ஒரு சிறு விடுதிக்கும் இன்னொன்றைக் கண்டிக்கும் கொடுத்தேன். அன்று இரவுச் சோற்றின்போது, மலையில் குளிருமா, ஸ்வெட்டர் வாங்க வேண்டுமா என்று அவளாகக் கேட்டாள். திட்டத்தைப் பற்றி அவள் ஆசையோடு ஒரு கேள்வி கேட்டது நான்கு திட்டங்களில் அதுவே முதல் முறை.

அக்காவிடம் தொலைபேசியில் சொல்ல எனக்கு எட்டு நாள் பிடித்தது.

“இலங்கைக்கு வந்திட்டு எங்கட வீட்டு வாசல் மிதியாமப் போறதோ தம்பி? சனம் என்ன கதைக்கும்? மச்சாளுக்கெண்டு ஒடியல் மா, மிளகாய்த்தூள் எல்லாம் எடுத்து வச்சனான்.”

“நாள் காணாது அக்கா. டிக்கெட்டில நான் ஒரு பிழை விட்டிட்டன்.”

அக்கா மிகவும் இதமாகக் கேட்டார்: “சரி விடு. கண்டியில எப்ப நிப்பியள்? எந்த இடம்?”

யாராவது தேதி கேட்டால் முழுமையாகச் சொல்லியே பழக்கப்பட்டவன் நான். விடுதியின் பெயர், தெரு, நாங்கள் போய்ச் சேரும் நேரம், அங்கிருந்து ரயில் புறப்படும் நாள், நேரம், எல்லாவற்றையும் சொன்னேன்.

“அப்ப பிரச்சினை இல்லை. நீங்கள் வராட்டி நாங்கள் வாறம்.”

இரண்டு நாள் கழித்து அக்காவின் மகன் வாட்ஸப்பில் எழுதினான்: வேன் பேசியாகிவிட்டது, அம்மா பலகாரம் சுடப் போகிறார், ரயிலிலும் கூட வரலாமா என்று கேட்கச் சொன்னார். நான் இன்னும் பதில் எழுதவில்லை. மனைவி நேற்று ஸ்வெட்டர் வாங்கிவிட்டாள், சாம்பல் நிறம். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

வேனில் எத்தனை பேர் வருகிறார்கள் என்பது தெளிவாகவில்லை. மகன் சொன்ன கணக்கு ஐந்து. அக்கா குரல் செய்தியில் எண்ணியவர்கள் ஒன்பது, அதில் இரண்டு பேர் யாரென்று எனக்குத் தெரியவில்லை. அவர்கள் ரயிலுக்கும் இடம் பதிவு செய்துவிட்டார்களா என்பதை இதை எழுதும் நேரம் வரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.