ரெங்கத்தில் நான் காட்டிய வெளிச்சக் கோடுகள்

கிளர்ச்சி செய்கிறவனுக்குத் தொண்டை முதலில் போகும். நம்பிக்கை கடைசியில்தான் போகும். கூட்டம் போட்டு ஆள் வராமல் திரும்பியவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

ரெங்கம் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பால்வெட்டும் காளியம்மாளைக் கணக்கெழுதும் கிராணி பிரம்பால் அடித்துவிட்டார். அவரை மாற்றச் சொல்லி, தொழிலாளர் வீட்டு வரிசைகளான மேல் லயமும் கீழ் லயமும் ஒன்றாக நிற்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் சாதி. கூட்டத்துக்குத் தோட்டத்தை நடத்தும் துரை அனுமதி தரமாட்டார். விஞ்ஞானப் பாடத்துக்குத் தந்தார். துண்டறிக்கைகள் படித்தே ஆளானவன் நான். ஒளி ஓர் அலை என்பதும் அப்படிக் கற்றதுதான்.

அகலச் சுடர்

ஞாயிறு மத்தியானம், பிள்ளைகளை விடும் ஆயக்கொட்டகையில் சாக்கு கட்டி இருட்டாக்கினேன். கண்ணாடித் துண்டில் புகைக்கரி பிடித்து, சவர பிளேடால் நெருக்கமாக இரண்டு கீறல். அதைக் கண்ணருகே வைத்துப் பத்தடி தள்ளியிருக்கும் விளக்கைப் பார்த்தால், வெளிச்சமும் இருட்டும் மாறி மாறிக் கோடுகளாகத் தெரியவேண்டும். தெரியவில்லை. சுடருக்கு முன்னால் வைக்கவேண்டிய, மெல்லிய பிளவு வெட்டிய தகரத்தை மறந்திருந்தேன். அகலச் சுடரின் ஒவ்வொரு புள்ளியும் தன் கோடுகளை வேறு வேறு இடத்தில் போட்டு, எல்லாம் குழம்பிவிட்டன. கீழ் லயத்துப் பால்வெட்டு முனியன் வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அண்ணே, இந்த மாதிரி விளக்கு எங்க வூட்லயும் எரியுது லா."

உப்பு

தகரத்தை வைத்ததும் கோடுகள் வந்தன. ஆனால் நடுவில் நாலைந்துதான்; ஓரங்களில் நிறம் கலந்து மங்கின. மண்ணெண்ணெய் வெளிச்சத்தில் பல நீள அலைகள். அவற்றின் நடை கொஞ்சத்திலேயே அடி தவறிவிடும். ஸ்பிரிட் சுடரில் உப்பு தூவினேன். அந்த மஞ்சள் வெளிச்சத்தில் ஏறக்குறைய ஒரே நீள அலை. கோடுகள் ஓரம்வரை போயின. "ஒரே இடத்தில் புறப்பட்டு அடி தவறாமல் வந்தால்தான் இது நடக்கும்" என்றேன். துரையின் ஆள் உட்கார்ந்திருந்ததால் அதற்குமேல் சொல்லவில்லை.

முனியன் தொட்ட கண்ணாடியை வாங்க மேல் லயத்துச் சின்னச்சாமி கை நீட்டவில்லை. நீண்ட நேரம் வாதாடினேன். கடைசியில் வேட்டி முனையால் அழுத்தித் துடைத்துவிட்டுக் கண்ணில் வைத்தார். கரியும் போயிற்று, கீறலும் போயிற்று. அவர் முகம் மலர்ந்தது.

"இப்பத்தான் தம்பி சுத்தமா தெரியுது!"

பெரட்டு

இருந்தாலும் கலையும்போது, கிராணியை மாற்றக் கேட்க இரண்டு லயத்தாரும் என் காதில் சம்மதம் சொன்னார்கள். "நாளைக்குப் பெரட்டில் கேளுங்கள்" என்றேன். காலையில் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் வரிசைதான் பெரட்டு. அந்தத் தோட்டத்தில் இரண்டு லயத்துக்கும் தனித்தனிப் பெரட்டு, அரை மணி வித்தியாசத்தில். நான் அதை விசாரிக்கவில்லை. கீழ் லயம் ஓர் ஆள் குறையாமல் கேட்டது. லயத்தைவிட்டுத் துரத்துவேன் என்று மிரட்டித் துரை பால்வெட்ட மரத்துக்கு அனுப்பினார். பிறகு மேல் லயமும் ஓர் ஆள் குறையாமல் கேட்டது. அதற்கும் அதே மிரட்டல். கிராணி அசையவில்லை. தோட்டத்து வாசலில் காளியம்மாள்தான் இதைச் சொன்னாள்.

"எல்லாரும்தாண்ணே கேட்டாங்க. ஒன்னா கேக்கல. அடிக்கிறவனுக்கு அது போதும்."

அதன்பிறகு நான் எழுதிய துண்டறிக்கை எல்லாவற்றிலும் கொள்கை பொடி எழுத்தில்தான் இருக்கும், மணி மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கும்.