அப்பாவை ஏன் நெருப்புக்குக் கொடுக்கவில்லை

அப்பாவை சிட்னியின் லிட்கம் மயானத்தில் அடக்கம் செய்தது உறவினர் பலருக்கு மனத்தாங்கல் என்பதை அறிவேன். அவர் மறைந்து ஓராண்டு நிறையும் இவ்வேளையில், மூத்த மகளாகிய நான் அதன் காரணத்தை எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து மலாயா சென்ற குடும்பமொன்றில் அப்பா சிரம்பானில் பிறந்தார். போரில் மலாயாவைப் பிடித்த ஜப்பானியர், கெட்டிக்கார மாணவர் சிலரைப் படிப்புக்கென டோக்கியோவுக்கு அனுப்பினர். அப்பாவும் அவர்களில் ஒருவர்.

அங்கே அமெரிக்க விமானங்கள் எரிகுண்டுகளைப் பொழிந்தன. மரவீடுகள் ஒரே தீயாகின. அந்தத் தீ எழுப்பிய காற்று ஓடியவர்களையும் உள்ளே இழுத்தது. வாய்க்காலில் குதித்தவர்கள் நீரிலேயே வெந்தார்கள். மறுநாள் உடல்களைக் கரையிழுக்க மாணவர்களை விட்டார்கள். தாயையும் முதுகில் கட்டியிருந்த பிள்ளையையும் பிரித்தெடுக்க முடியவில்லை என்று அப்பா அம்மாவிடம் ஒரேயொரு முறை சொல்லியிருக்கிறார்.

பின்னர் பொறியியலாளராகி, எழுபதுகளின் தொடக்கத்தில் எங்களோடு சிட்னி வந்து மெரிலேண்ட்ஸில் குடியேறினார். அதிர்ந்து பேசாதவர். ஒரு ஞாயிறு அவருடைய மேலதிகாரி எங்களை விருந்துக்கு அழைத்தார். முற்றத்தில் இறைச்சி வாட்டிக்கொண்டிருந்த மேலதிகாரியின் மைத்துனர் பழைய விமானப்படைக்காரர். ஜெர்மன் நகரங்களை எரித்த கதையைச் சொல்லி, "மேலேயிருந்து பார்க்க கிறிஸ்மஸ் விளக்குகள் போல அத்தனை அழகு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அப்பா தட்டை வைத்துவிட்டு, "மணம் மேலே வரவில்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். பதிலுக்கு நிற்காமல் வேலியோரம் போய் வாந்தியெடுத்தார். இந்தியருக்கு மாட்டிறைச்சி ஒத்துவரவில்லை என்று யாரோ சொல்ல, மறுபடியும் சிரிப்பு.

திரும்பும் வழியில் காரில் அப்பா சொன்னார்: "ஜப்பான்காரன் மலாயாவில செய்ததையும் கண்டனான், இவங்கள் செய்ததையும் கண்டனான். எல்லாம் ஒரே ஊத்தை. பிள்ளையளை எரிச்சுப்போட்டு அழகெண்டு சொல்லுறான், சீ."

புற்றுநோயில் படுத்தபோது அம்மாவின் கையைப் பிடித்து, "என்னை எரிக்காதேங்கோ, தாட்டுவிடுங்கோ" என்று கேட்டார்.

சித்தப்பா கடுமையாக எதிர்த்தார். "நாங்கள் சைவக் குடும்பம் அண்ணி. சனம் என்ன கதைக்கும்?"

"கதைக்கட்டும். அவர் என்னட்டை வாய்விட்டுக் கேட்டது இது ஒண்டுதான்," என்றார் அம்மா.

அப்பாவைப் பராமரித்த தாதியருக்கும், துக்க வீட்டுக்குச் சமைத்துக் கொண்டுவந்த அயலவருக்கும், மெல்பேர்னிலிருந்து வந்த நண்பர்களுக்கும் எங்கள் நன்றி. அடக்கத்தன்று சித்தப்பா எங்களை விட்டு எட்டவே நின்றார். ஆனாலும் குழியருகே முன்னால் வந்து முதல் பிடி மண்ணைப் போட்டவர் அவர்தான். அந்தக் கைக்கு எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.