குகநேசன் ஹீட்டர் திருத்திய கதை

லிட்கம் என்ற ஊரில் பிஸ்கட் பொதி செய்யும் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சந்திரகலா மாட்டிக்கொண்டாள். மேற்பார்வையாளர் நடப்பதுபோல் நடந்து காட்டிக்கொண்டிருந்தவள், சிரித்துக்கொண்டிருந்த எல்லோரும் சட்டென்று குனிந்து வேலை பார்க்கத் தொடங்கியதும் திரும்பிப் பார்த்தாள். அவரே பின்னால் நின்றார். மனுஷன் கோபித்துக்கொள்ளவில்லை. இன்னொரு தடவை நடந்து காட்டச் சொன்னார்.

கல்யாணமாகி மெல்பேர்ணுக்கு வந்து, அதன் புறநகரான கிரான்பர்னில் குடியேறி, பஸ் ஓட்டுநரான பிறகும் அவளுடைய குறும்பு போகவில்லை. காலையில் தூங்கி வழியும் பயணிகளுக்கு ஒலிபெருக்கியில், "அடுத்த தரிப்பு, பருத்தித்துறை" என்று தமிழில் அறிவிப்பாள். யாருக்கும் விளங்காது என்றுதான் நினைத்திருந்தாள். ஒருநாள் பின் இருக்கையில் இருந்த ஒரு பெரியவர் பதறியடித்து எழுந்து மணியை அழுத்திவிட்டார்.

அவளுடைய கணவர் குகநேசன் நேரெதிர். நூலகத்தில் வேலை. துணி துவைக்கும் இயந்திரம் வாங்கினால்கூட, கூட வந்த கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாசித்து முடித்த பிறகுதான் தண்ணீரைத் திறப்பார். அவரை நச்சரித்து கட்டில், அடுப்பு, ஹீட்டர் எல்லாம் உள்ளேயே இருக்கும் ஒரு பழைய மோட்டர்ஹோம் வண்டியை வாங்க வைத்தவள் சந்திரகலாதான். அத்தனை நீளமான பஸ்ஸை வளைத்து ஓட்டியவளுக்கு அது விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தது.

அந்த வருஷம் ஜூலைக் குளிர்காலத்தில் மலையடிவாரத்து ஊரான பிரைட்டுக்கு அந்த வண்டியில் போனார்கள். குகநேசனின் பெரியப்பா மகன் மகேந்திரராஜாவும் கூட வந்தார். ஓய்வுபெற்ற மின் பொறியியலாளர். எந்த வீட்டுக்குப் போனாலும், குளிர்சாதனப் பெட்டியின் சத்தத்தைக் கேட்டு, அது இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிட்டுத்தான் கதிரையில் உட்காருவார்.

போய்ச் சேர்ந்த பிற்பகலில் மழை பிடித்துக்கொண்டது. உள்ளே பேசினாலே வாயிலிருந்து ஆவி வந்தது. சந்திரகலா அடுப்பில் தேநீர் வைத்துக்கொண்டே, "ஹீட்டரைப் போடுங்கோப்பா" என்றாள். குகநேசன் பொத்தானை அழுத்தினார். விசிறி சுற்றியது. டிக், டிக், டிக் என்று நெருப்புப் பொறி தட்டுவது கேட்டது. பிறகு, சலித்துப்போனதுபோல் எல்லாம் நின்றுவிட்டது.

"பற்றறி வீக்" என்றார் மகேந்திரராஜா, குந்தியிருந்து பார்க்கக்கூட இல்லை.

பிறகு மீட்டரைக் கொண்டுவந்து அளந்தார். பற்றறி நல்ல திடமாக இருந்தது. "நல்லாத்தான் இருக்கு" என்று துக்கச் செய்தி சொல்வதுபோல் சொன்னார். அடுத்து வெளியே போய்க் காஸ் சிலிண்டரை ஆராய்ந்துவிட்டு, நனைந்துபோய் வந்தார். ஹீட்டரின் மூடியைக் கழற்றி உள்ளே டோர்ச் அடித்தார். குகநேசன் கையேட்டை விரித்து உரத்து வாசித்தார். சந்திரகலா தேநீர்க் கோப்பையோடு கட்டிலில் ஏறி உட்கார்ந்து கிரிக்கெட் வர்ணனை தொடங்கினாள்.

"மகேந்திரண்ணை டோர்ச்சோட ஓடி வாறார்... மற்ற முனையில குகநேசன், கையில புத்தகம், கண்ணில கலக்கம்..."

"கலா, நீர் கொஞ்சம் பேசாம இரும்" என்றார் குகநேசன். தொடர்ந்து வாசித்தார்: "வெளிப்புறப் புகைக்குழாய் அடைபட்டிருக்கிறதா எனப் பார்க்கவும்."

சந்திரகலாவின் கோப்பை வாய்க்குப் பாதி வழியில் நின்றது.

போன கோடையில் குளவிகள் அந்தக் குழாயைச் சுற்றி மொய்த்தன. மண்ணைக் குழைத்து உள்ளே கூடு கட்டிவிடும் என்று பயந்து, பாத்திரம் கழுவும் ஸ்பொஞ்ச் ஒன்றை அதற்குள் இறுக அடைத்தவள் அவள்தான். குளிர் வரும்போது எடுத்துவிடலாம் என்று நினைத்ததோடு சரி. அந்த நினைப்பே பிறகு வரவில்லை. இவ்வளவு நேரம் இரண்டு பேரையும் வைத்துச் சிரித்துவிட்டு, இப்போது எந்த முகத்தோடு சொல்வது?

"நீங்கள் நனையாதேங்கோ, நான் பாத்திட்டு வாறன்" என்று மழை ஜாக்கெட்டை மாட்டினாள். அவளிடமிருந்து இப்படியொரு கரிசனம் வந்ததில் இரண்டு ஆண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஸ்பொஞ்ச் இலேசில் வரவில்லை. குசினி இடுக்கியால் பிடித்து இழுத்து, ஜாக்கெட் பையில் திணித்துக்கொண்டு, குழாய்க்குள் வேறொன்றும் இல்லை என்று பார்த்துவிட்டு உள்ளே வந்தாள். அதோடு விட்டிருக்கலாம். ஹீட்டரின் தலையில் கையை வைத்து, கண்ணை மூடி, ஏதோ முணுமுணுத்துவிட்டு, "இப்ப போடுங்கோ" என்றாள்.

டிக், டிக், டிக். நின்றது.

மகேந்திரராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பிள்ளை, இது பஸ் இல்லை!"

சந்திரகலாவுக்குச் சுருக்கென்றது. அடைப்பை எடுத்தாயிற்றே, பிறகும் ஏன்? யோசிப்பதற்கு இன்னொரு தேநீர் வேண்டும் என்று அடுப்பைத் திருகினாள். அதுவும் பற்றவில்லை. சற்றுமுன் தேநீர் போட்ட அதே அடுப்பு! நிமிர்ந்து பார்த்தாள். மகேந்திரராஜாவின் சிரிப்பு பாதியில் அறுந்திருந்தது. அவரும் அடுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் ஒருக்கா மழை விட்டிட்டுதோ எண்டு பாத்திட்டு வாறன்" என்று எழுந்தார். கூரையில் மழை தடதடவென்று கொட்டிக்கொண்டிருந்தது.

சந்திரகலா பின்னாலேயே போனாள். அவர் சிலிண்டர் பெட்டியின் முன் குந்தியிருந்து, மூடிக் கிடந்த காஸ் வால்வைத் திறந்துகொண்டிருந்தார்.

"என்னண்ணை, மழை விட்டிட்டுதோ?"

அவர் துள்ளி எழுந்தார். "பாதுகாப்புக்கெண்டு மூடினனான் பிள்ளை. திறக்க மறந்துபோச்சு. தம்பிக்குச் சொல்லிப்போடாதை."

இதை எத்தனை வருஷத்துக்கு வைத்துச் சிரிக்கலாம் என்று சந்திரகலா மனதுக்குள் கணக்குப் போட்டாள். முகத்தைத் துடைக்கக் கைலேஞ்சியை எடுக்கப் போனபோது ஸ்பொஞ்ச் புல்லில் விழுந்தது. மகேந்திரராஜா அதைப் பார்த்தார். அதன் ஒரு பக்கத்தில் அப்பியிருந்த வட்டமான கரியைப் பார்த்தார். பிறகு புகைக்குழாயைப் பார்த்தார்.

"இது எங்கை கிடந்தது?"

"இது... பாத்திரம் கழுவிறது, அண்ணை."

"ஓம், தெரியுது."

இருவரும் உள்ளே கேட்காமல் இருக்க வாயைப் பொத்திக்கொண்டு, மழையில் நின்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள்.

"நான் ஒண்டையும் காணேல்லை" என்றார் அவர்.

"நானும்தான்."

அந்த நேரம் உள்ளேயிருந்து குகநேசனின் சத்தம் கேட்டது. "பத்திட்டுது! பத்திட்டுது!"

ஓடிப்போய்ப் பார்த்தால், வெதுவெதுப்பான காற்றின் முன்னால் கையேட்டை மார்போடு அணைத்தபடி நின்றார். "நான் சொன்னனான்தானே? கொஞ்சம் ஆறவிட்டுத் திருப்பி அமத்தச் சொல்லிப் போட்டிருக்கு. நீங்கள் ரெண்டு பேரும் அவசரக்காரர்."

மகேந்திரராஜா அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். சந்திரகலா கை தட்டினாள். கண்ணில் நீர் வரும்வரை தட்டினாள். மனைவி இவ்வளவு பெருமைப்படுவாள் என்று குகநேசன் எதிர்பார்க்கவேயில்லை.

வீடு திரும்பியதும் அவள் லைசென்ஸ் உள்ள காஸ்காரர் ஒருவரை அழைத்து எல்லாவற்றையும் சோதிக்க வைத்தாள். குறையொன்றும் இல்லை என்றார் அவர். என்ன பிழை, எப்படித் திருத்தினேன் என்று குகநேசன் அவரை மறித்து வைத்து விளக்கினார். கோயிலிலும் சொன்னார், கல்யாண வீட்டிலும் சொன்னார். செய்தி மெல்பேர்ணின் மறுகோடியிலுள்ள ட்ருகனினாவரை போய்விட்டது. அங்கிருந்து யோகா என்ற தூரத்து உறவுக்காரி, காரில் இழுத்துப்போகும் தங்கள் கரவனில் ஹீட்டர் பற்றவில்லை, குகநேசன் அண்ணை ஒருக்கா வந்து பார்க்க வேண்டும் என்று அழைத்தாள்.

குகநேசன் சேட்டுக்கு இஸ்திரி போடத் தொடங்கினார். சந்திரகலா மெல்லப் பின்வளவுக்குப் போய் மகேந்திரராஜாவுக்குப் போன் எடுத்தாள்.

"அண்ணை, வெளிக்கிடுங்கோ. ட்ருகனினாவில கேஸ் ஒண்டு."

"ஐயோ! இந்த முறை என்ன பிழையோ தெரியாதே, பிள்ளை."

"எனக்கும்தான் தெரியாது. அவர் புத்தகத்தை விரிக்கிறதுக்குள்ள நாங்கள் கண்டுபிடிக்கவேணும்."