மாலை போட்ட படம் பேசியது

என் மாமா உயிரோடு இருக்கும்போதே இறந்துபோனார். அதுவும் சாயங்கால வேளையில், நாங்கள் எல்லோரும் குடும்பத்தோடு பார்த்துக்கொண்டிருக்கும்போது.

அவர் அம்மாவின் தம்பி. ஆவடியில் எங்கள் வீட்டு மாடியில்தான் அத்தையோடு குடியிருந்தார். டிவி சீரியல்களில் வக்கீல், டாக்டர், பெண் பார்க்க வரும் கூட்டத்தில் ஒருவர் என்று பல வருஷம் தலைகாட்டியவருக்கு முதல்முறையாகக் கதாநாயகியின் கணவர் வேடம் கிடைத்தது. தெரு முழுக்கச் சொல்லிவிட்டோம். கதாநாயகி விதவையானால்தான் கதையே நகரும் என்பதை மட்டும் மாமா யாரிடமும் சொல்லவில்லை. முதல் வாரமே லாரி மோதியது. அதன்பிறகு அவர் சுவரில் மாலையோடு தொங்கினார்.

அத்தை தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு டிவியை அணைத்தாள். "குத்துக்கல்லாட்டம் குந்திகினு கீற மனுசனுக்கு மாலையா? இன்னா கதைடா இது?"

மறுநாள் பால்காரர் வாசலில் நின்று, "இன்னா அண்ணாத்தே, நேத்துதான உனக்குக் காரியம் பண்ணாங்கோ?" என்று கேட்டுவைத்தார். மாமா சிரித்தார். மாடியிலிருந்து கேட்ட அத்தைக்குச் சிரிப்பு வரவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் தன் அண்ணன் இருக்கும் கம்பெனியில் மாமாவுக்கு ஸ்டோர்ஸ் வேலைக்குச் சொல்லிவைத்தாள். திங்கட்கிழமை சேர வேண்டும்; நடிப்புக்கு முழுக்கு. அதுவரை அவரோடு பேச்சும் கிடையாது. சாப்பாட்டுத் தட்டு மட்டும் ணங்கென்று அவர் முன்னால் வந்து விழும்.

மாமா சரியென்று தலையாட்டிவிட்டார். எனக்குத்தான் தாங்கவில்லை. பிஸ்கட் பாக்கெட்டில் அச்சடித்திருப்பதைக்கூட எனக்கு வசனம்போல் வாசித்துக்காட்டுவார். அந்தக் குரல் இனி ஸ்டோர்ஸில் நட்டு போல்ட்டு எண்ணப்போகிறதே என்று நினைத்தால் அழுகை வந்தது.

சனிக்கிழமை மாடிக்குப் போய் நானே டிவியைப் போட்டேன். அத்தை சமையலறையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். மாமா சமையலறை வாசலுக்கு நேர் எதிரே சப்பணமிட்டு, வாய் நிறைய முறுக்கை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டிவியில் கதாநாயகி பட்டினியாகப் படுத்திருந்தாள். திடீரென்று சுவரில் இருந்த படம் பேசியது.

"இன்னும் சாப்பிடலையா? என்மேல கோபம்னா வயித்தைக் காயப்போடணுமா? எழுந்திரு."

மாமாவின் குரல். படத்தைப் பேசவைக்கலாம் என்று டைரக்டருக்குத் தோன்ற, கடைசியாக ஒருமுறை போய்ப் பேசிக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். எங்களிடம் மூச்சுவிடவில்லை.

சமையலறையிலிருந்து பதில் வந்தது. "தோ, தோச ஊத்திகினுதான்யா கீறேன். நீயும் வா, ஒண்ணா துன்லாம்."

நான் துள்ளிக் குதித்தேன். "அத்தை, அது மாமா இல்ல! போட்டோ!"

அத்தை தோசைத் திருப்பியோடு வெளியே வந்தாள். டிவியைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள். "கொரலுதான் உசுரோட கீதே. கொரல மட்டும் டிவிக்குக் குடு. அந்த மாலைய என் கண்ணுல காட்டாத, ஆமா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள். தன் அண்ணனுக்கும் அவளே போன் செய்து, வேலை வேண்டாம் என்றாள்.

அந்தப் படம் சீரியல் முடியும்வரை புத்திமதி சொல்லிக்கொண்டே இருந்தது. அந்தக் குரலைக் கேட்டவர்கள் மாமாவை விலங்கு நிகழ்ச்சிகளுக்குக் கூப்பிட்டார்கள். சிங்கத்தையும் திமிங்கிலத்தையும் பற்றி ஒரு வெள்ளைக்காரர் ஆங்கிலத்தில் சொல்வதையெல்லாம் இன்றைக்கும் தமிழில் சொல்வது எங்கள் மாமாதான்.

அத்தை போட்டோவிடம் ஏமாந்த கதையை நான் எல்லாக் கல்யாண வீட்டிலும் சொல்லியிருக்கிறேன். அத்தை ஒருநாளும் மறுத்ததில்லை. எல்லோரையும்விட அவள்தான் சத்தமாகச் சிரிப்பாள்.

போன மாதம் எனக்கும் என் கணவருக்கும் சண்டை, பேச்சில்லை. முதலில் யார் பேசுவது என்று தெரியாமல் அடுப்படியில் நின்றபோதுதான் எனக்கு அந்த முறுக்கு ஞாபகம் வந்தது. வாய் நிறைய முறுக்கோடு எதிரே உட்கார்ந்திருந்த மாமாவை அத்தை அப்போது பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.