மூன்று கிலோமீட்டருக்குச் சொந்தக்காரி

இரும்புக்கடைக்காரர் வாளித் தண்ணீரை வாசலில் வீசக் கை ஓங்கும்போதே எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு பெண்ணின் குரல் வந்துவிடும்: "அண்ணே, அது உங்க வீட்டுக் கொல்லை இல்ல. மாநில நெடுஞ்சாலை!"

"முக்கா மணி நேரத்துல நடந்து முடிக்கிற ரோட்டுக்கு இவ்வளவு மிதப்பா?"

"பாம்புகூடத்தான் நீளம். அதை யாராவது பெருமையா பேசறாங்களா?"

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரியை ஊரார் 'ஹைவே அக்கா' என்கிறார்கள். சாலைப் பணியாளர். இரண்டு பெரிய சாலைகளை இணைக்கும் இந்தத் துண்டுச் சாலைதான் ஊரின் கடைவீதி. பள்ளி, வங்கி, மருந்துக்கடை எல்லாம் இதன்மேல்தான். தினமும் காலையில் ஆரஞ்சு மேல்சட்டையை மாட்டிக்கொண்டு முனைக்கு முனை நடக்கிறார். சந்தேகமான இடத்தில் குதிகாலால் ஒரு தட்டு. 'டொக்' என்றால் அடியில் மண் போய்விட்டது. மதியத்துக்குள் தாரும் ஜல்லியும் வந்துவிடும். பதினாறு ஆண்டுகளில் இங்கே எந்தக் குழியும் இரண்டாவது மழையைப் பார்த்ததில்லை.

"என் சட்டையில பொத்தான் இல்லாதது இவ கண்ணுல படாது. ரோட்டுல ஊசி விழுந்தா ஓடுவா" என்கிறார் தையல்காரக் கணவர்.

சென்ற மாதம் அளவுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளர் வந்தார். மூன்று கிலோமீட்டருக்குக் குறைந்த சாலைகளை நகராட்சியிடம் ஒப்படைக்க உத்தரவு. பள்ளத்தில் செங்கல் துண்டைப் போட்டு மூடும் நகராட்சியின் லட்சணம் ஊருக்கே தெரியும். அக்காவையும் வேறெங்கோ தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

சாலையின் முதல் கல்லிலிருந்து உருண்ட சக்கரம் காட்டியது: இரண்டு கிலோமீட்டர், தொள்ளாயிரத்து எண்பது மீட்டர்.

அக்காவுக்குக் காரணம் தெரியும். ஆறு ஆண்டுகளுக்கு முன், திரும்பும் லாரிகள் இடித்து இடித்துச் சாலையின் முதல் கல் மூளியானது. மனம் பொறுக்காமல் அதைப் பெயர்த்து, இருபத்தாறு மீட்டர் உள்ளே தள்ளி நட்டு, வெள்ளையும் அடித்தவர் அவரேதான்.

"சார், அந்தக் கல்லு பொய் சொல்லுது. நான்தான் நகத்தி வெச்சேன்."

கூட்டத்தில் நின்ற கணவர் பல்லைக் கடித்தார். "சும்மா இருடி!"

"அரசாங்கக் கல்லையா? வேலையே போயிடும்மா, தெரியுமா?" என்றார் பொறியாளர்.

"தெரியும் சார். வாங்க."

சாலை முனையில் மண்ணைக் கடப்பாரையால் விலக்கினார். கல் முன்பு நின்ற காரைக் குழி தெரிந்தது. சக்கரம் அங்கிருந்து மறுபடி உருண்டது. மூன்று கிலோமீட்டர், ஆறு மீட்டர்.

பொறியாளர் வெள்ளைத்தாளை நீட்டினார். "கல்லை நகத்தினதுக்கு விளக்கம் எழுதிக் கொடுங்க. மேலிடத்துல என்ன முடிவு பண்ணுவாங்களோ, அது என் கையில இல்ல."

"எழுதறேன் சார். மொதல்ல நீங்க மூணுன்னு எழுதுங்க."

பொறியாளர் எழுதி முடிக்கும்வரை பார்த்திருந்துவிட்டு, நடுச்சாலையில் நின்ற அவருடைய ஜீப்பின் மூக்கில் தாளை விரித்தார் அக்கா. பின்னால் வந்த பேருந்து ஹாரன் அடித்தது. எழுத்திலிருந்து தலையை எடுக்காமல் இடக்கையை மட்டும் உயர்த்தினார். பேருந்து நின்றது.